மாமன் மடிக்கு ஒரு படிவம்

அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் அந்தப் பக்கமா வெச்சுக்கிடுங்க. கீழ சுருட்டிக் கெடக்கே, அது மேல பட்டுறப் போவுது. இங்க் இன்னும் முழுசாக் காயல. பத்துக்கு ஆறு சைஸ். மேல கம்பியில வைக்கலாம்னா மடங்கிரும், மடங்கினா மூஞ்சியில கோடு விழுந்துரும். ஏறும்போதே கண்டக்டர் இதுக்கும் ஒரு டிக்கெட் போடவான்னான். போடுப்பான்னேன். இன்னிக்கு எவன் என்ன சொன்னாலும் சரின்னுட்டுப் போற நாள்.

நீங்க எட்டயபுரமா? நல்லது. நான் கோவில்பட்டி. நாங்கன்னு சொல்லணும். முன்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம், பச்சைப் பட்டு தெரியுதா? அது என் வீட்டுக்காரி. தமயந்தி. சண்டையான்னு கேக்காதீங்க. சண்டைன்னா ரெண்டு பேர் பேசணும்ல. தூத்துக்குடியில ஏறுனதுலேர்ந்து இந்தப் பக்கம் தலையைத் திருப்பல. நான் இங்கேர்ந்து பாத்தா பாக்குற மாதிரி இருக்கும், நீங்க கொஞ்சம் கண்ணு வெச்சுக்கிடுங்க. திரும்பினா சொல்லுங்க.

என் பேரு சொர்ணராஜ். பிளக்ஸ் கடை வெச்சிருக்கேன். பூப்புனித நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிக்கிறதுதான். ஆனா சோறு போடுறது காதுகுத்து. எங்க பக்கம் காதுகுத்து பேனர்னா பிள்ளை படம் ஒரு ஓரத்துல இருக்கும், நடுவுல தாய்மாமன்தான். ஒருத்தன் பின்னாடி சிங்கம் வேணும்பான். இன்னொருத்தன் கார்லேர்ந்து இறங்குற மாதிரி வேணும்பான், கார் இருக்காது, நானே ஒரு காரைப் போட்டுக் குடுப்பேன். ஒரு மாமன் படம் இன்னொரு மாமன் படத்தைவிட ஒரு விரக்கடை சின்னதாப் போச்சுன்னு ஒரு காதுகுத்தே நின்னு போயிருக்கு. நான் மறுபடி அடிச்சுக் கொண்டுபோய்க் கட்டின பிறகுதான் பிள்ளை காதுல ஊசி ஏறுச்சு. இப்படிப் பதினோரு வருஷமா ஊர்ல உள்ள மாமன்களை எல்லாம் பெருசாக்கி விட்டவன் நான். எனக்குன்னு ஒரு நாள் வந்துச்சு பாருங்க. அது இன்னிக்கு.

கனி என் தங்கச்சி. சண்முகக்கனி. அப்பா போனப்போ அவ ஒன்பதாவது படிச்சிட்டிருந்தா. படிக்க வெச்சது நான், மாப்பிள்ளை பாத்தது நான், மணவறையில அப்பா இடத்துல நின்னு கையைப் பிடிச்சுக் குடுத்தது நான். மாப்பிள்ளை தினகர் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனுஷன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு, அதனால அவர்கிட்ட கோவிச்சுக்கவும் முடியாது, அதுதான் அவர்கிட்ட உள்ள குறை. ஒரே பிள்ளை, பொம்பளைப் பிள்ளை, மூணு வயசு. தியாஷ்னின்னு பேரு. எவ்வளவோ பேரை அடிச்சிருக்கேன், இது மட்டும் வாயில நுழையல. நான் பாப்பான்னுதான் கூப்பிடுறது.

அந்தப் பாப்பாவுக்குத்தான் காதுகுத்து. எங்க வெச்சு? கப்பல்ல.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. நானும் முதல்ல சிரிச்சேன். மாப்பிள்ளையோட அப்பாவுக்கு அறுபதாங் கல்யாணம். கோயில்ல வெச்சு முடிச்சிட்டு, குடும்பத்தோட உல்லாசக் கப்பல்ல ஒரு பயணம் போறதா முடிவு பண்ணிட்டாங்க. மெட்ராஸ்ல ஏறி, தூத்துக்குடியில ஒரு பகல் நின்னு, கொச்சி போய் இறங்குற மாதிரி. கனி போன்ல சொல்லுறா, அண்ணே, கப்பல் தூத்துக்குடியில நிக்குதாம், உனக்கு வர ஒன்றரை மணி நேரம்தான், அன்னிக்கே கப்பல்ல வெச்சு பாப்பாவுக்குக் காது குத்திரலாம்னு. ஏன், கப்பல்ல காது குத்தினா கம்மல் தனியா மின்னுமா? ஊர்ல வெச்சா மாமன் வீட்டுக்கு வரணும். கப்பல்ல வெச்சா மாமன் அவங்களைத் தேடிப் போகணும். அதான் விஷயம்.

உனக்கும் மதினிக்கும் டிக்கெட் போட்டுறவான்னு கேட்டா. வேண்டாம்னேன். யோசிச்சுப் பாருங்க, மாமன்னா சீர்த்தட்டு எடுத்துட்டு ஊர் பாக்க வர்றவன். நான் அவங்க கூடவே ஏறி, அவங்களோட சேர்ந்து மூணு வேளை தின்னுட்டு, காதுகுத்து அன்னிக்கு எதுத்த ரூமுலேர்ந்து தட்டைத் தூக்கிட்டு வந்தா அதுக்குப் பேரு சீரா? அதுக்கு ஓட்டல்ல சர்வர் வேலைன்னு பேரு. நான் வெளியிலேர்ந்து வருவேன்னு சொல்லிட்டேன்.

சரி, ஒண்ணு கேக்குறேன். கப்பல்ல பயணம் போறவன் ஒருத்தன். அவனோட சொந்தக்காரன் பயணம் போகல. கப்பல் துறைமுகத்துல கட்டிக் கெடக்கு. அந்தச் சொந்தக்காரன் மேல ஏறிப் பாத்துட்டு இறங்கலாமா, கூடாதா? உங்களுக்கும் தெரியாதுல்ல. ரயில்னா பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டுப் போய், உள்ள ஏறி, சீட்டைத் தட்டி விட்டு, தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்துட்டு, வண்டி நகர்ற நேரத்துல குதிச்சு இறங்குறோம். கப்பலும் அப்படித்தான்னு நெனச்சேன். அப்படி இல்லையாம். வழக்கமா ஏத்தவே மாட்டாங்களாம். பயணி முன்கூட்டியே கேட்டு, அவங்க சரின்னு சொன்னா, அஞ்சு பேர் வரைக்கும், சில மணி நேரம். அதுக்கு ஒரு படிவம். பேரு ஆதார்ல உள்ள மாதிரி, போட்டோ, உறவு, எதுக்கு வர்றோம்னு காரணம். மூணு நாளைக்கு முன்னாடி போய்ச் சேர்ந்துறணும்.

இதெல்லாம் கனி சொல்லித் தெரியும். அவதான் படிவத்தை வாட்ஸ்அப்ல அனுப்பினா. அண்ணே, இதை நிரப்பி உடனே அனுப்புன்னு ஒரு வரி.

திரும்பினாளா? இல்ல? சரி.

நான் என்ன சொல்ல வர்றேன்னா, தாய்மாமனை எப்படி அழைக்கணும்? நீங்க பெரியவங்க, நீங்களே சொல்லுங்க. வீடு தேடி வரணும். தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, தேங்காய் பழம், வேட்டி துண்டு வெச்சு, பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு, உங்க மருமகளுக்குக் காது குத்துறோம், நீங்க வந்து மடி குடுக்கணும்னு கேக்கணும். இவ என்ன பண்ணினா? ரெண்டு பக்கம் பிடிஎஃப். கரண்டு பில் அனுப்புற மாதிரி. அதை நிரப்பினா என்ன அர்த்தம்? அழைப்பே இல்லாம நானா விண்ணப்பம் போட்டு, ஐயா என் தங்கச்சி மகளுக்கு மடி குடுக்க அனுமதி தாங்கன்னு கேக்குறேன்னு அர்த்தம். நான் நிரப்பல. முறையா வந்து அழைக்கட்டும், அப்புறம் பாப்போம்னு இருந்துட்டேன்.

வந்தாங்க. வரலைன்னு நான் சொல்லல. வந்தாங்க. மாப்பிள்ளையும் அவளும் பாப்பாவும், ஒரு ஞாயித்துக்கிழமை. நான் அன்னிக்குச் சாத்தூர் போயிட்டேன், இங்க் வாங்க. ஞாயித்துக்கிழமை எந்தக் கடையில இங்க் கிடைக்கும்னு தமயந்தி கேப்பா. கடைக்காரன் தெரிஞ்சவன்தான், தொறந்து குடுப்பான்னு நெனச்சேன். அவங்க வர்றாங்கன்னு தெரியுமா? தெரியும். அவசரப்பட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்றவனுக்கு மதிப்பு கிடையாது அண்ணாச்சி. வந்து, இல்லைன்னதும், சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடந்து, நான் வந்ததும் எந்திரிச்சு நின்னு குடுத்தா அது அழைப்பு. நாலு மணி வரைக்கும் இருந்திருக்காங்க. நான் அஞ்சு மணிக்கு வந்தேன். தாம்பாளத்தைத் தமயந்தி கையில குடுத்துட்டு ரயிலுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாங்க. வேட்டி துண்டு, மயில்கண் கரை, நல்ல வேட்டிதான், இப்ப நான் கட்டிருக்கிறது அதுதான். ஆனா என் கையில குடுக்கலைல்ல? தமயந்தி வாங்கிட்டா. அது அவளுக்கு வெச்ச அழைப்பு. எனக்கு வெச்சது எங்க?

இதைச் சொன்னா அவ சொல்றா, வீட்டுக்கு வெச்ச அழைப்புதானே, ரெண்டு பேரும் படிவத்தை நிரப்பி அனுப்பிருவோம்னு. நீ வேணா அனுப்புன்னேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

அனுப்பிட்டா, அண்ணாச்சி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம. கனிக்கும் இவளுக்கும் தனிப் பேச்சு உண்டு. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.

நானும் அனுப்பினேன், அனுப்பாம இல்ல. கப்பல் வர ரெண்டு நாள் இருக்குறப்போ மனசு கேக்கல. எடுத்துப் பாத்தேன். படிவமா அது, பாக்கவே சகிக்கல. கறுப்பு வெள்ளை, கட்டம் கட்டமா, போட்டோவுக்குத் தீப்பெட்டி அளவுல ஒரு இடம். தொழில் தெரிஞ்சவன் கையில அதைக் குடுத்தா சும்மா இருக்குமா கை? நானே மறுபடி டிசைன் பண்ணினேன். சுத்திவர மாவிலைத் தோரணம், மேல குத்துவிளக்கு, என் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி வலது பக்கம். கண்ணாடி போட்டுக் கும்பிடுற படம், கறுப்புக் கண்ணாடி. உறவுங்கிற இடத்துல தாய்மாமன்னு தங்கக் கலர்ல, நெழல் விட்டு. வருகைக்கான காரணம்னு கேட்டிருந்தான். மடி கொடுத்தல்னு போட்டேன். வேற என்ன போட? அவன் கேட்ட விவரம் ஒண்ணு விடல, எல்லாம் அதுல இருக்கு.

பதில் வரல. பதில் வரலைன்னா சரின்னுதானே அர்த்தம்.

காலையில பதினோரு தட்டை குட்டியானையில ஏத்திக்கிட்டு வந்துட்டோம். துறைமுகத்துக்கு ரெண்டு பக்கமும் உப்பளம், நேரா ரோடு, தூரத்துலேயே கப்பல் தெரியுது. எங்க கோவில்பட்டியில அந்த உயரத்துக்கு ஒரு கட்டடம் கிடையாது. வெள்ளையா நிக்குது. பாப்பாவை நான் நேர்ல பாத்ததே ரெண்டு தடவைதான். மடியில உக்கார்ந்ததே இல்ல. உக்காந்தா எப்படி இருக்கும், வேட்டி வழுக்குமா, அதுக்குன்னுதான் அவங்க வெச்ச இந்த கனத்த வேட்டியை எடுத்துக் கட்டினேன். வழுக்காது, இந்த வேட்டி.

கேட்டுல காவலுக்கு நிக்கறவனுக்குத் தமிழ் தெரியல. பக்கத்துல கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொண்ணு, கையில லிஸ்ட்டோட. டெல்பின்னு பேரு, தூத்துக்குடிப் பொண்ணு. லிஸ்ட்ல பொன்னுலிங்கம் ஆசாரி இருக்காரு. காது குத்துறவரு, அவருக்குக் கனி ஏற்பாடு பண்ணிருக்கா. தமயந்தி சொர்ணராஜ் இருக்கு. அதாவது என் பேரு லிஸ்ட்ல இருக்கு பாருங்க, அவ பேருக்குப் பின்னாடி. சொர்ணராஜ் மட்டும்னு தனியா இல்ல. ஆசாரிக்கு அனுமதி உண்டு, மாமனுக்கு இல்ல. இதுக்கு நான் எங்க போய் முட்டிக்கிட?

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, குறை சொல்லக் கூடாது. போன்ல தேடிப் பாத்துட்டு, உங்க படிவம் வந்திருக்கு சார், ஆனா ஒரு நாள் பிந்தி வந்திருக்கு, அதோட அது விழா அழைப்பிதழ்னு நெனச்சு ஆபீஸ்ல தனியா எடுத்து வெச்சிருக்காங்கன்னா. படத்துல கண்ணு தெரியல, ஆதாரோட ஒத்துப் பாக்க முடியலையாம். பொறாமை, அண்ணாச்சி. நல்லா இருக்குன்னு சொல்ல மனசு வராதவன் கண்ணு தெரியலைம்பான். தட்டும் உள்ள போகாதாம். தேங்காய் கூடாது, பழம் கூடாது, பூ கூடாது. வெளிச் சாப்பாட்டுச் சாமான் எதுவும் கப்பல்ல ஏறக் கூடாதாம். அப்ப மாமன் எதைத் தூக்கிட்டுப் போவான், கையை வீசிக்கிட்டா?

அவ ஒண்ணு சொன்னா. பயணிகள் இறங்கி வரலாம் சார், இறங்கி ஊரைச் சுத்திட்டு நாலரைக்குள்ள திரும்ப ஏறினாப் போதும், உங்க தங்கச்சியையும் பிள்ளையையும் கீழ வரச் சொல்லிப் பாக்கவான்னு. வேண்டாம்னேன். அவளா இறங்கி வரணும். நான் கூப்பிட்டு வந்தா அதுல என்ன இருக்கு? மாமன் கீழ நிக்கிறான்னு தெரிஞ்சா தானா இறங்கணும்ல ஒரு தங்கச்சி.

தெரியுமா அவளுக்குன்னு கேக்குறீங்க. போன் வந்துக்கிட்டே இருந்துச்சு அவகிட்டேர்ந்து. எடுத்தா என்ன சொல்லுவா, ஏண்ணே முன்னாடியே அனுப்பலைம்பா. அந்தப் பேச்சு நமக்கு எதுக்கு. அணைச்சு வெச்சேன்.

அப்பத்தான் தமயந்தி கேட்டா.

"நான் உள்ள போகட்டுமா?"

"போறதுன்னா போ."

போயிட்டா. ஆசாரியோட. நீங்களே சொல்லுங்க, "போறதுன்னா போ"ன்னா என்ன அர்த்தம்? போகாதேன்னு அர்த்தம். சின்னப் பிள்ளைக்குத் தெரியும். பதினாறு வருஷமா என்கூட குடும்பம் நடத்துறா, அவளுக்குத் தெரியாதா? சாப்பிடுறதுன்னா சாப்பிடு, தூங்குறதுன்னா தூங்கு, வாங்குறதுன்னா வாங்கு, இதுக்கெல்லாம் அவ இத்தனை வருஷம் சரியாத்தான் புரிஞ்சு நடந்துக்கிட்டா. இன்னிக்குன்னு பாத்து வார்த்தையில உள்ளதை அப்படியே எடுத்துக்கிட்டா. திரும்பிப் பாப்பான்னு நின்னேன். அவ செருப்புக்கு என்ன அவசரம்னு தெரியல. ஒரு பஸ்ல ஏத்திக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு நிக்க முடியல. இருக்க முடியல. கேட்டுக்கும் டீக்கடைக்கும் நடக்குறேன். குட்டியானைக்காரன் அண்ணே தட்டுல பூ வாடுதுங்கிறான். வண்டியைத் திருப்பு, எல்லாத்தையும் வீட்டுல கொண்டுபோய் எறக்குன்னு அனுப்பிட்டேன். அதனாலதான் இப்ப பஸ். அவன் போனதும் இன்னும் மோசம். கையில தட்டுகூட இல்ல, வெறுமனே ஒரு புது வேட்டி கட்டின ஆளு ரோட்டுல நிக்கிறேன். கப்பல் மேல் மாடியில ஆள் நடமாட்டம் தெரியுது, எறும்பு மாதிரி. அதுல எது கனி, எது பாப்பா? அவங்களுக்கும் நான் எறும்புதானே.

அப்பத்தான் யோசனை வந்துச்சு. எறும்பாத் தெரிஞ்சா என்ன, பெருசாத் தெரியிற வழி என் கையில இல்லையா? பதினோரு வருஷத் தொழில் எதுக்கு?

ஆட்டோ பிடிச்சேன். டவுன்ல ரீகன்னு ஒருத்தன், நம்ம தொழில்காரன், கடைக்குப் போனேன். பத்துக்கு ஆறு அடிச்சுக் குடுறான்னேன். என் படம் அவன் கம்ப்யூட்டர்லேயே பழைய சங்கக் கூட்டத்துக்கு அடிச்சது இருந்துச்சு. கீழ பெரிய எழுத்துல, "பாப்பா, மாமன் இங்கே இருக்கேன்". அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்னேன். பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாதேன்னு ரீகன் கேட்டான். அவ அம்மாவுக்குத் தெரியும்ல. கப்பல்லேர்ந்து பாத்தாத் தெரியணும், எழுத்து ஒரு முழம் இருக்கணும்னு நின்னு அடிச்சு வாங்குறேன், பாதியில கரண்டு போயிருச்சு. முக்கால் மணி நேரம். என் மூஞ்சி மூக்கு வரைக்கும் மெஷினுக்கு வெளிய வந்து நிக்குது, மீதி உள்ள. என்னையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இப்ப என்ன பண்றா? தலையைச் சாச்சுட்டாளா? தூங்குறாளா? தூங்க மாட்டா, அவளுக்குப் பஸ்ல தூக்கம் வராது.

நான் திரும்பி வரும்போது மணி நாலு இருபது. இங்க் காயாததால ஆட்டோவுக்கு வெளிய ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். கேட்டுப் பக்கத்துல டீக்கடையில பொன்னுலிங்கம் ஆசாரி நிக்கிறாரு, டீயும் கையுமா. என்னய்யா, இங்கதான் இருக்கீரா, ஊரெல்லாம் தேடிட்டாங்கன்னாரு. அவரு சொல்லித்தான் எல்லாம் தெரியும்.

நடந்தது என்னன்னா, ஆசாரியோட ஊசிப் பெட்டியைக் கப்பல் வாசல்ல செக்கிங்ல பிடிச்சு வெச்சுட்டானுங்க. ஊசி, குறடு, கத்தின்னு எதையும் மேல விடமாட்டோம்னு. கப்பல்ல நர்ஸ் இருக்காங்க, அவங்க மெஷின் வெச்சுக் குத்துவாங்கன்னு சொல்லிருக்காங்க. ஆசாரி ஒத்துக்கல. பரம்பரையாக் குத்துறவரு. என் ஊசி கீழ இருக்கு, காதைக் கீழ கொண்டு வாங்கன்னுட்டாரு. இதுல பாருங்க, தமயந்திக்கு விவரம் பத்தாது. ஆசாரி ஊசியைத் துணியில சுத்தி அடியில வெச்சிருந்திருக்காரு. பஸ்ல போகும்போது இவதான், அதை எடுத்துப் பெட்டியில மேலாக வைங்க, செக்கிங்ல நல்லாத் தெரியட்டும்னு சொல்லிருக்கா. தெரிஞ்சாப் பிடிப்பானே, அதுகூடவா தெரியாது? வெகுளி. அவ அப்படிச் சொல்லாம இருந்திருந்தா ஊசி மேல போயிருக்கும், காதுகுத்து கப்பல்லேயே முடிஞ்சிருக்கும்.

இறங்கிட்டாங்க, அண்ணாச்சி. கனி, மாப்பிள்ளை, பாப்பா, எல்லாரும். கேட்டுக்கு வெளிய ஒரு தகரக் கொட்டகை, ஆட்டோக்காரங்க நிக்கிற இடம். காலையில நான் நின்ன இடத்துலேர்ந்து பத்தடி. அங்க பெஞ்சைத் துடைச்சு, பாப்பாவை வெச்சுக்கிட்டு, ரெண்டரை மணிக்கே வந்து உக்காந்துட்டாங்க. கனி ரோட்டுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாளாம். டீக்கடையில கேட்டாளாம். டெல்பின் தன் போன்லேர்ந்து எனக்குப் பதினஞ்சு தடவை அடிச்சாளாம். அணைச்சு வெச்ச போன்ல எத்தனை தடவை அடிச்சாத்தான் என்ன. மூணே முக்கால் வரைக்கும் காத்திருந்துட்டு, இதுக்கு மேல முடியாது, ஏறணும்னு மாப்பிள்ளை சொல்லிருக்காரு. என் மடியில வைக்கவான்னு அவரு கேட்டதுக்குக் கனி வேண்டாம்னுட்டாளாம். அண்ணன் வீட்டு மடிதான்னாளாம்.

தமயந்தி மடியில வெச்சுக் குத்திருக்காங்க.

ஒன்னேகால் மணி நேரம் காத்திருந்தவளுக்கு இன்னொரு அரை மணி நேரம் முடியாதான்னு ஆசாரிகிட்ட கேட்டேன். கப்பல் நிக்காதுய்யான்னாரு. நிக்காதாம். பணம் கட்டினவனுக்கே நிக்காதாம். எல்லாத்துக்கும் காரணம் அந்தப் படிவம், அண்ணாச்சி. அழகா இருந்ததை அழைப்பிதழ்னு எடுத்து வெச்சானே, அவன். அவன் மட்டும் சரியாப் பாத்திருந்தா நான் காலையிலேயே மேல ஏறிருப்பேன்.

அப்புறம் நான் அந்த பிளக்ஸை விரிச்சேன். விரிக்காம என்ன செய்ய, அடிச்சாச்சு. ஒரு முனையை ஆட்டோக்காரன் பிடிச்சான், ஒரு முனையை நான் பிடிச்சேன். அஞ்சு மணிக்குச் சங்கு ஊதுச்சு. இவ்வளவு பெருசு, சத்தமே இல்லாம நகருது. காத்து உப்பளத்துலேர்ந்து அடிக்குது, பிளக்ஸ் பாய் மாதிரி உப்புது, என் மூஞ்சி உப்பி உப்பி இறங்குது. மேல் மாடியில யாரோ ரெண்டு பேர் கையைக் காட்டினாங்க. வெள்ளைக்காரங்க. நானும் காட்டினேன். கனியான்னு கேட்டா, தெரியல. பாப்பாவான்னு கேட்டா, தெரியல. கண்ணு சுருக்கிப் பாத்தேன், அந்தத் தூரத்துக்கு எனக்கே பார்வை எட்டல.

திரும்பினா தமயந்தி நிக்கிறா. எப்ப வந்து நின்னான்னு தெரியல. பிளக்ஸைப் பாத்தா. என்னையப் பாத்தா. முந்தானையில ஒரு ரூபாய் அகலத்துக்கு மஞ்சள், சேலை மடியெல்லாம் கசங்கி, முழங்கால் கிட்ட பிஸ்கட் தூள் ஒட்டிக் கெடக்கு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"போன்ல சார்ஜ் இல்லையா?"

"இருக்கு."

நான் சுருட்டும்போது அந்த முனையைப் பிடிச்சுக்கூடக் குடுக்கல. பஸ்ல ஏறி நேரா லேடீஸ் சீட்டுக்குப் போயிட்டா. இவளுக்கு என்ன கோபம், சொல்லுங்க? மடி போனது எனக்கு. ஊருக்கெல்லாம் மாமன் அடிச்சுக் குடுத்துட்டு, சொந்தக் காதுகுத்துக்கு ரோட்டுல நின்னது நான். மாமி மடி எந்தக் கணக்குல சேரும்? மாமன் மடிங்கிறது மாமன் மடி. அவகிட்ட இருந்தது அந்தக் கம்மல் மட்டும்தான், நான் எடுத்து வெச்சது, அவ பையில இருந்ததால போட்டுட்டாங்க. நான் எடுத்த கம்மல். சிவப்புக் கல்லு. ஆசாரி சொன்னாரு, பாப்பா கறுப்பா இருக்கா, சிவப்பு எடுப்பா இருந்துச்சுன்னு. இருக்கும்.

எட்டயபுரம் வரப் போவுதா? வெளிச்சம் தெரியுது. நீங்க முன்படி வழியாத்தானே இறங்குவீங்க? அண்ணாச்சி, ஒரு உபகாரம். அவ சீட்டைத் தாண்டித்தான் போகணும். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. காது குத்தும்போது பாப்பா அழுதுச்சான்னு. ஆசாரிகிட்ட கேக்க மறந்துட்டேன், அவரும் சொல்லல. அழுதா அழுதுச்சுன்னு சொல்லட்டும், அழலைன்னா அழலைன்னு சொல்லட்டும், நீங்க அங்கேர்ந்து எனக்குத் தலையை ஆட்டினாப் போதும். நீங்க பெரியவங்க, தப்பா எடுத்துக்கிட மாட்டா. நான் கேக்கச் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்களாக் கேக்குற மாதிரி.

அதுவும் சரிதான். உங்களுக்குப் பாப்பாவை எப்படித் தெரியும்னு கேப்பா.

எந்திரிச்சுட்டீங்களா? பைய இறங்குங்க, வண்டி இன்னும் நிக்கல. அண்ணாச்சி. நான் கேட்டேன்னே சொல்லிருங்க.